வல்லெட்டாவை ஒரே நாளில் முடித்துவிட முடியுமா?

சென்னையிலிருந்து மனைவியோடும் எழுபதை நெருங்கும் தாயாரோடும் அக்டோபர் கடைசி வாரத்தில் நான்கு இரவுகள் மத்தியதரைக் கடல் தீவு நாடான மால்டாவில் தங்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். தலைநகர் வல்லெட்டா ஒரு சதுர கிலோமீட்டர்கூட இல்லை என்பதால் அதை முதல் நாளிலேயே பார்த்து முடித்துவிட்டு, மீதி நாள்களைக் கோசோ தீவு, கொமினோ தீவு, சிசிலி என்று பிரித்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வியின் கடைசி வரியில், போகிற போக்கில், ‘அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, மூவரும் சைவம்’ என்றும் சேர்த்திருக்கிறீர்கள். எனக்கு அந்தக் கடைசி வரிதான் கேள்வியின் மையமாகப் படுகிறது. எத்தனை இடங்களைப் பார்க்கலாம் என்பதைவிட, மூவரும் சேர்ந்து நடக்கக்கூடிய நாள்களாக அந்த நான்கையும் எப்படி அமைப்பது என்பதற்கே பதில் சொல்ல முயல்கிறேன்.

பழங்கட்டடப் பாதுகாப்பு என் தொழில். கோட்டை நகரங்களைப் பற்றி மாணவர்களுக்குப் பாடமும் நடத்துகிறேன். வல்லெட்டாவின் தெருக்களில் இளைஞர்களோடும், ஏறி இறங்க முடியாத வயதானவர்களோடும் நடந்த அனுபவம் உண்டு. கல்லையும் தெருவையும் சரிவையும் பற்றி நான் சொல்வதை நம்பித் திட்டமிடலாம். நுழைவுக் கட்டணமும், திறந்திருக்கும் நேரமும், படகு அட்டவணையும் பருவத்துக்குப் பருவம் மாறுபவை. அவற்றை அந்தந்த இடத்தின் இணையதளத்தில் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். தாயாரின் முழங்கால் எவ்வளவு தாங்கும் என்பதை அவரும் அவருடைய மருத்துவருமே சொல்ல முடியும்.

ஊர் சிறியது என்பது உண்மை. நகர வாயிலிலிருந்து நிலமுனையிலுள்ள புனித எல்மோ கோட்டை வரை ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்; குறுக்கே அதில் பாதிக்குச் சற்றே அதிகம். ஆனால் தட்டையான வரைபடத்தில் உயரம் தெரியாது. 1565இல் ஒட்டோமான் படை மால்டாவை முற்றுகையிட்டது. எல்மோ கோட்டை ஏறத்தாழ ஒரு மாதம் தாக்குப்பிடித்து ஜூன் 23 அன்று வீழ்ந்தது. செப்டம்பரில் உதவிப் படை வந்து முற்றுகை முறிந்தது. எதிரி திரும்பி வருவதற்குள் அரணுள்ள ஒரு நகரம் வேண்டும் என்ற அவசரத்தில், அப்போது மால்டாவை ஆண்ட கத்தோலிக்க வீரத்துறவிகளான புனித யோவான் சபை வீரர்களின் தலைவர் ஜான் டி வலெட் 1566 மார்ச் 28 அன்று சைபெராஸ் குன்றின் மீது அடிக்கல் நாட்டினார். திருத்தந்தை (போப்) அனுப்பிய இத்தாலியப் பொறியாளர் பிரான்செஸ்கோ லாப்பரெல்லி அந்தக் குன்றின் மீது ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டும் நேர்த்தெருக்களை வரைந்தார். குன்றின் முதுகைச் சீவிச் சமதளமாக்கும் எண்ணமும் இருந்தது. அதற்குக் காலமும் பணமும் போதவில்லை. சமதளத்துக்கென வரைந்த கட்டங்கள் அப்படியே மேட்டின் மீது விரிக்கப்பட்டன. முதுகின் வழியே நீளவாக்கில் செல்லும் ரிபப்ளிக் தெருவும் மெர்ச்சன்ட்ஸ் தெருவும் பெரும்பகுதி எளிதாக நடக்கக்கூடியவையாக இருக்க, அவற்றைக் குறுக்கே வெட்டும் தெருக்கள் இருபுறமும் உள்ள துறைமுகங்களை நோக்கிச் செங்குத்தாகச் சரிவதும், பல இடங்களில் வெறும் படிக்கட்டுகளாகவே மாறிவிடுவதும் இதனால்தான்.

ஆகவே உங்களுக்கான முதல் விதி, முதுகின் மேலேயே நடப்பது, திரும்ப ஏற வழியுள்ள இடத்தில் மட்டும் கீழே இறங்குவது. அப்படிப்பட்ட நல்ல வழி ஒன்று உண்டு. அப்பர் பராக்கா பூங்காவிலிருந்து துறைமுக மட்டத்துக்கு இறங்கும் 58 மீட்டர் உயர மின்தூக்கி அது. 1905இல் முதலில் அமைந்த தூக்கி 1973இல் நின்றுபோனது. இப்போதுள்ளது 2012 இறுதியில் திறக்கப்பட்டது. அதன் அடியிலிருந்து சாலையைக் கடந்து சிறிது நடந்தால் எதிர்க்கரைக்குச் செல்லும் படகுத்துறை. மறுபக்கத்தில், அதாவது அக்கரை ஊரான ஸ்லீமாவிலிருந்து படகு வந்து சேரும் மார்சம்ஷெட் கரையில், இப்படியொரு தூக்கி கிடையாது. இறங்கியதும் மூச்சிரைக்கும் ஏற்றம்தான். விடுதி விளம்பரங்களில் ‘வல்லெட்டாவுக்குப் படகில் சில நிமிடங்களே’ என்று ஸ்லீமா விடுதிகள் சொல்வது பொய்யல்ல. ஆனால் அந்த நிமிடங்களுக்குப் பிறகு வரும் ஏற்றத்தைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

இதை வைத்தே தங்குமிடத்தையும் முடிவுசெய்யலாம். மதிலுக்கு உள்ளே, நகர வாயிலுக்கு அருகில், மேட்டுப் பகுதியில் தங்குங்கள். தீவின் பெரும்பாலான பேருந்துகள் வாயிலுக்கு வெளியே டிரைட்டன் நீரூற்றைச் சுற்றியுள்ள நிலையத்திலிருந்தே புறப்படுகின்றன. அங்கே ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். இடைநிறுத்தங்களில் நின்றால், நிரம்பிய பேருந்து நிற்காமலே போய்விடுவது சாதாரணம். முன்பதிவு செய்யும் முன் விடுதிக்காரரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: மின்தூக்கி உண்டா, அது உங்கள் தளம் வரை வருகிறதா? வல்லெட்டாவின் பழைய வீடுகள் குறுகி உயர்ந்தவை. அழகான மர மாடத்தின் படத்தைப் பார்த்து மயங்கி அறை எடுத்தவர்கள், வளைந்த கற்படிகளில் நான்காம் மாடிக்குப் பெட்டியைத் தூக்கிச் சென்றதை நான் பார்த்திருக்கிறேன். இரவில் அமைதி வேண்டுமென்றால் ஸ்ட்ரெயிட் தெருவையும் அதன் சுற்றுப்புறத்தையும் தவிர்த்துவிடுங்கள். ஒரு காலத்தில் கப்பல் மாலுமிகளின் மதுக்கடைத் தெருவாக இருந்தது, இப்போது மீண்டும் உணவகங்களும் இசையுமாக நள்ளிரவு வரை விழித்திருக்கிறது.

நகருக்குள் எதையும் விட்டுவிடலாம், புனித யோவான் இணைப் பேராலயத்தை விடக் கூடாது. 1570களில் மால்டாக் கட்டடக் கலைஞர் ஜிரோலாமோ கசார் எழுப்பிய அதன் வெளித்தோற்றம் ஓர் ஆயுதக் கிடங்கு போல மொட்டையானது. உள்ளே நுழைந்ததும் கண் கூசும். சுவர்களில் தெரியும் பொன்முலாம் பூசிய பூவேலைகளைப் பலர் ஒட்டவைத்த சுதை என்று நினைக்கிறார்கள். அவை சுவரின் சுண்ணாம்புக்கல்லிலேயே நேரடியாகச் செதுக்கப்பட்டவை. 1660களில் மத்தியா பிரெட்டி என்ற தென்னித்தாலிய ஓவியர் மேல்வளைவு முழுவதும் யோவானின் வாழ்க்கையை ஈரச்சுதையில் தீட்டாமல், கல்லின் மீதே எண்ணெய் வண்ணத்தில் தீட்டினார். தரையில் ஏறத்தாழ நானூறு சலவைக்கல் கல்லறைப் பலகைகள், ஒவ்வொன்றும் பல நிறக் கற்களை இழைத்துச் செய்யப்பட்டவை. கூர்மையான குதிகால் செருப்போடு அங்கே நுழைய விடமாட்டார்கள். தோள் மறைந்த உடையும் வேண்டும். பெண்களுக்குப் புடவையோ சுடிதாரோ இருந்தால் கவலையே இல்லை.

ஆலயத்தோடு ஒட்டிய சிற்றாலயத்தில் இருப்பது இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ 1608இல் தீட்டிய ‘திருமுழுக்கு யோவானின் தலை வெட்டப்படுதல்’. ஐந்து மீட்டருக்கு மேல் அகலமான அந்த ஓவியத்தில் பாதிக்கு மேல் வெற்றுச் சுவர்தான். நிகழ்ச்சி முழுவதும் இடப்பக்கம் ஒதுங்கிக் கிடக்கிறது. யோவானின் கழுத்திலிருந்து வழிந்த குருதியில் ஓவியர் தம் பெயரை எழுதியிருக்கிறார். அவர் கையெழுத்திட்ட ஓவியமாக நமக்குக் கிடைத்திருப்பது இது ஒன்றுதான். அதே ஆண்டு சபையில் வீரராகச் சேர்க்கப்பட்டு, சண்டையொன்றில் சிக்கி எதிர்க்கரையிலுள்ள புனித ஆஞ்சலோ கோட்டையில் அடைக்கப்பட்டு, அங்கிருந்து தப்பியோடினார். டிசம்பரில் சபை கூடி அவரை விலக்கிய இடம், அவரே தீட்டிய இந்த ஓவியம் தொங்கிய இதே அறை. எனவே இங்கே அரை மணி நேரமாவது உட்காருங்கள். தாயாருக்கும் உட்கார இடம் கிடைக்கும். ஞாயிற்றுக்கிழமை ஆலயம் திருப்பலிக்கு மட்டுமே; பார்வையாளருக்கு அனுமதி இல்லை. உங்கள் நான்கு நாள்களில் ஞாயிறு எங்கே விழுகிறது என்பதைப் பார்த்துவிட்டே மற்றவற்றை அடுக்குங்கள். பெரிய உல்லாசக் கப்பல்கள் துறைமுகத்தில் நிற்கும் நாள்களில் காலை பத்து மணியிலிருந்து பிற்பகல் வரை நெரிசல் இருக்கும். கப்பல் வரும் தேதிகள் முன்கூட்டியே வெளியாகின்றன. கதவு திறக்கும் நேரத்தில் போவது நல்லது.

அன்றைய மீதிப் பொழுதுக்குத் தொல்லியல் அருங்காட்சியகம் போதும். ரிபப்ளிக் தெருவிலேயே இருப்பதால் ஏற்றம் இல்லை. உள்ளங்கையில் அடங்கும் ‘உறங்கும் பெண்’ என்ற சுடுமண் சிலைக்காகவே அங்கே போகலாம். நண்பகலிலும் மாலை நான்கு மணிக்கும் அப்பர் பராக்கா பூங்காவுக்குக் கீழேயுள்ள மேடையில் பீரங்கி சுடும் சடங்கு நடக்கும். மேலே பூங்காவில் நின்று பார்க்கக் கட்டணம் இல்லை. நடக்கும்போது தெருமுனைகளைப் பாருங்கள். மூலை வீடுகளை அலங்கரிக்க வேண்டும், ஒவ்வொரு வீட்டுக்கும் அடியில் மழைநீர்த் தொட்டி வெட்ட வேண்டும் என்று நகரத்தின் தொடக்கத்திலேயே விதி இருந்தது. நீரூற்றுகள் குறைந்த வெறும் பாறையின் மீது நகரம் எழுப்பியவர்களின் முன்யோசனை அது. நகர வாயிலைக் கடந்ததும் வலப்பக்கம் தெரியும் நாடாளுமன்றக் கட்டடம் இத்தாலியக் கட்டடக் கலைஞர் ரென்சோ பியானோ வடிவமைத்தது, 2015இல் முடிந்தது. அருகிலுள்ள சிதைந்த தூண்கள், 1942இல் குண்டுவீச்சில் அழிந்த இசை நாடக அரங்கினுடையவை. இடிபாட்டை இடிபாடாகவே வைத்துக்கொண்டு திறந்தவெளி அரங்காக்கிவிட்டார்கள். இந்த முடிவை உள்ளூரில் பலர் ஏற்கவில்லை. என் தொழில்முறைக் கருத்து, பொய்யாகப் பழைய கட்டடத்தைத் திரும்பக் கட்டுவதைவிட இது நேர்மையானது.

இனி, இப்போதே செய்ய வேண்டிய ஒரு வேலை. ஹல் சஃப்லியேனி நிலவறைக் கல்லறையைப் பார்க்க விரும்பினால், பயணத் தேதி உறுதியான அன்றே இணையத்தில் நுழைவுச்சீட்டு எடுத்துவிடுங்கள். பாவோலா என்ற ஊரில் 1902இல் வீடு கட்டத் தோண்டியபோது வெளிப்பட்ட இது, ஏறத்தாழ கி.மு. 4000 முதல் கி.மு. 2500 வரை பயன்பட்ட, பாறையைக் குடைந்து மூன்று அடுக்குகளாக இறங்கும் கல்லறை. மனிதர் விடும் மூச்சின் ஈரமும் கரியமில வாயுவும் சுவரிலுள்ள செங்காவி ஓவியங்களைக் கெடுப்பதால், ஒரு நேரத்தில் பத்துப் பேரைத்தான் விடுகிறார்கள். ஒரு நாளைக்கு ஏறத்தாழ எண்பது பேர். வாரக்கணக்கில், சில பருவங்களில் மாதக்கணக்கில் முன்பே விற்றுத் தீர்ந்துவிடும். முந்தைய நாளில் சில சீட்டுகளை நேரில் விற்கும் வழக்கம் இருந்தாலும் அதை நம்பி நாளை ஒதுக்காதீர்கள். உள்ளே படிகள் உண்டு, வெளிச்சம் குறைவு. தாயாரை அழைத்துச் செல்வதா என்பதை எத்தனை படிகள் என்று அவர்களிடமே எழுதிக் கேட்டு முடிவுசெய்யுங்கள். சீட்டுக் கிடைக்காவிட்டால் சில நிமிட நடையில் தார்ஷியன் என்ற கற்காலக் கோயில்கள் இருக்கின்றன. அவற்றுக்குக் கூட்டமும் இல்லை, தளமும் பெரும்பாலும் சமம்.

எதிர்க்கரையிலுள்ள பிர்குவுக்கு ஒரு முழு முற்பகலைக் கொடுங்கள். மின்தூக்கியில் இறங்கி, படகில் கடந்து, கரையோரச் சமதளத்திலேயே நடந்து புனித ஆஞ்சலோ கோட்டையின் அடிவாரம் வரை போகலாம். வல்லெட்டா எழும்புவதற்கு முன் சபை வீரர்களின் தலைமையிடம் இதுதான். முற்றுகையைத் தாங்கியதும் இதுவே. வல்லெட்டாவின் மதில்கள் எவ்வளவு உயரம் என்பது இங்கிருந்து திரும்பிப் பார்க்கும்போதுதான் விளங்கும். மூன்றாம் நாளைப் பழைய தலைநகரான மதீனாவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். வல்லெட்டாவிலிருந்து நேர்ப் பேருந்து உண்டு. அதுவும் குன்றின் மேல் உள்ளதுதான், ஆனால் பேருந்தே மேலே கொண்டுபோய் விட்டுவிடுகிறது. மதிலுக்குள் தெருக்கள் ஏறத்தாழச் சமமானவை. 1693 நிலநடுக்கத்தில் சேதமடைந்த பேராலயத்தை லோரென்சோ காஃபா திரும்பக் கட்டினார். முழங்கால் வலிக்காரருக்கு இந்தப் பயணத்திலேயே இதமான நாள் இதுவாகத்தான் இருக்கும்.

கோசோ, கொமினோ, சிசிலி பற்றிக் கேட்டீர்கள். சிசிலிக்கு ஒரே நாளில் போய்வர அதிவேகப் படகு இருப்பது உண்மை. விடியலுக்கு முன் கிளம்பி நள்ளிரவை ஒட்டித் திரும்பும் அந்தப் பயணத்தை உங்கள் குடும்பத்துக்கு நான் பரிந்துரைக்கமாட்டேன். கொமினோவின் நீலக் குளத்துக்கு, நீந்தும் எண்ணம் இல்லாதவர்கள் அக்டோபர் கடைசியில் போவது வீண். கோசோ உண்மையிலேயே நல்ல தீவு. ஜகன்டீயா கோயில்களும் விக்டோரியா நகரின் கோட்டையும் ஒரு நாளுக்குரியவை. 2021 முதல் வல்லெட்டாவிலிருந்தே முக்கால் மணி நேரத்தில் கொண்டுசெல்லும் படகு ஓடுகிறது. ஆனால் காற்று பலமானால் அதை நிறுத்திவிடுவார்கள், அப்போது தீவின் வடமுனைக்குப் பேருந்தில் போய்ப் பெரிய படகைப் பிடிக்க வேண்டும். ஐந்து இரவுகள் இருந்தால் தயங்காமல் போங்கள் என்பேன். நான்கு என்றால் மதீனாவா கோசோவா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும். இணையத்தில் இன்னமும் சுற்றும் கடலோரக் கல் வளைவின் படத்தை நம்பிக் கோசோவைத் தேர்ந்தெடுக்காதீர்கள். அது 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து கடலுக்குள் போய்விட்டது.

வழிகாட்டிகள் சொல்லும் கதைகளில் எதை நம்புவது என்பதற்கும் ஒரு வார்த்தை. முற்றுகையின் நிகழ்வுகள், கரவாஜ்ஜோவின் நீக்கம், 1942இல் பிரிட்டனின் ஆறாம் ஜார்ஜ் மன்னர் தீவு மக்கள் அனைவருக்கும் சேர்த்து ஜார்ஜ் சிலுவை என்ற வீரப் பதக்கம் அளித்தது ஆகியவை ஆவணங்களில் உறுதியாக உள்ளவை. மினாய்த்ரா என்ற கற்காலக் கோயிலின் வாயில் வழியே சம இரவு நாள்களில் சூரியன் நேராகப் படுவதும் உறுதி. கட்டியவர்கள் அதை எதற்காகச் செய்தார்கள் என்பது ஊகம். நிலவறைக் கல்லறையின் எதிரொலிக்கு நோய் தீர்க்கும் ஆற்றல் உண்டு என்பதற்கு ஆதாரம் இல்லை. மீன்பிடிப் படகுகளில் தீட்டியுள்ள கண்கள் பண்டைய கடலோடிகளான பினீசியர் காலத்திலிருந்து அறுபடாமல் வரும் மரபு என்று எல்லோரும் சொல்வார்கள். அந்த ‘அறுபடாமல்’ என்பதை நான் ஐயத்தோடுதான் கேட்பேன். புனித பவுல் கப்பல் உடைந்து கரையொதுங்கியது இந்தத் தீவில்தான் என்பது பெரும்பான்மையோர் ஏற்கும் மரபு. எந்தக் கரை என்பது வேறு விஷயம்.

உணவில் சைவத்துக்குச் சிரமம் இல்லை, கவனம் மட்டும் வேண்டும். தெருவெங்கும் கிடைக்கும் பஸ்தீட்சி என்ற அடுக்குப் பணியாரத்தில் பட்டாணி வைத்ததும் ரிக்கோட்டாப் பாற்கட்டி வைத்ததும் உண்டு. ஆனால் மாவைப் பிசையும் கொழுப்பு சில கடைகளில் பன்றிக்கொழுப்பாக இருக்கலாம். கேட்டுவிட்டு வாங்குங்கள், ஆங்கிலம் ஆட்சிமொழி என்பதால் கேட்பதில் தடையில்லை. தக்காளி தேய்த்து எண்ணெய் ஊற்றிய உள்ளூர் ரொட்டியில் வழக்கமாகச் சூரை மீன் வைப்பார்கள். மீன் இல்லாமல் கேட்டால் தருவார்கள். அவரையை மசித்துப் பூண்டு சேர்த்த பிகில்லா முழுச் சைவம், நம் நாக்குக்கும் பிடிக்கும். குழாய் நீர் குடிக்கத் தக்கது. பெரும்பகுதி கடல்நீரைச் சுத்திகரித்து எடுப்பதால் சுவை பிடிக்காமல் போகலாம்.

அக்டோபர் கடைசியில் வெயில் இதமாக இருக்கும், ஆனால் மழைப் பருவம் தொடங்கியிருக்கும். திடீரென்று கொட்டி ஒரு மணி நேரத்தில் வெளுத்துவிடும். நூற்றாண்டுகளாகக் கால் பட்டு மெருகேறிய சுண்ணாம்புக்கல் நனைந்தால் கண்ணாடியாக வழுக்கும். எனவே ரப்பர் அடியுள்ள காலணியும், தாயாருக்கு ஓர் ஊன்றுகோலும் குடையைவிட முக்கியம். அந்த மாதத்தின் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே தள்ளுவார்கள். அதன் பிறகு மாலை ஐந்தேகால் மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். வெளியிடங்களை முற்பகலிலும், அருங்காட்சியகத்தை மாலையிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரே விசாவில் சென்றுவரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியில் மால்டா 2007 முதல் இருப்பதால் உங்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது பதினைந்து நாள் முன்பு கொடுக்க வேண்டும் என்பது சட்டப்படியான எல்லைதான், நடைமுறையில் இரண்டு மூன்று மாதம் முன்பே கொடுத்துவிடுங்கள். குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம். முழங்கால் வலி போன்ற முன்பே உள்ள நோய்க்கு அந்தக் காப்பீடு பொருந்துமா என்பதைச் சிற்றெழுத்தில் படித்துப் பாருங்கள். மின்செருகி பிரிட்டிஷ் பாணியில் மூன்று சதுரக் கால்கள் உள்ளது. நம் ஊர் செருகிக்கு மாற்றி வேண்டும். சென்னையிலிருந்து நேர் விமானம் இல்லை. ரோம், பிராங்ஃபர்ட் போன்ற ஊர்கள் வழியாக வந்தால் குடிவரவுச் சோதனை அங்கேயே நடக்கும். 2025 அக்டோபரில் தொடங்கிய முறைப்படி முகப்படம் பதிந்து விரல்ரேகையையும் சரிபார்ப்பதால் வரிசை நீளலாம், மூன்று மணி நேரத்துக்குக் குறைவான இடைவெளியுள்ள இணைப்பு விமானத்தை எடுக்காதீர்கள். தாயாருக்குச் சக்கர நாற்காலி உதவி வேண்டும் என்பதைச் சீட்டு எடுக்கும்போதே பதிந்துவிட்டால், சில விமான நிலையங்களில் அந்த வரிசையைத் தாண்டி அழைத்துப் போகக்கூடும்.